காசநோயைக் கண்டறிய இரத்தம் எதைச் சொல்ல முடியும்?

நுரையீரல் காசநோய் என்று ஐயம் எழுந்தால் மருத்துவமனையில் முதலில் கேட்பது சளியைத்தான். ராபர்ட் கோக் 1882-இல் காசநோய்க் கிருமியை அடையாளம் காட்டியது முதல், கிருமியையே தேடிப் பிடிப்பதுதான் உறுதியான வழியாக இருந்து வருகிறது. ஆனால் நுண்ணோக்கியில் அது தென்பட வேண்டுமானால், ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். சிறு குழந்தைகள் சளியைத் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுகிறார்கள், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களின் சளியிலோ கிருமிகள் மிகக் குறைவாக இருக்கும். சோதனை மிகவும் தேவைப்படுகிறவர்களையே சோதனை தவறவிடுவது வேதனைக்குரியது.

இரத்தத்தில் கிருமியைத் தேடுவதாலும் பெரும் பயனில்லை. நுரையீரலில் தங்கிய கிருமி இரத்தத்தில் அரிதாகவே அகப்படும். ஆகவே ஆய்வாளர்கள் கிருமியை விட்டுவிட்டு, அதை எதிர்க்கும்போது உடலில் உண்டாகும் மாற்றங்களைத் தேடுகிறார்கள். இத்தகைய அடையாளங்களே உயிர்க்குறிப்பான்கள்.

முதலில் நம்பப்பட்டவை எதிர்ப்புப் புரதங்கள். அவற்றை அளக்கும் சோதனைகள் நோயில்லாதவரை நோயாளி என்றும் நோயாளியை நலமானவர் என்றும் காட்டியதால், 2011-இல் உலக சுகாதார நிறுவனம் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. 2012-இல் இந்தியா தடையே விதித்தது. இன்டர்ஃபெரான் என்பது கிருமியை எதிர்க்கும்போது உடலின் செல்கள் வெளியிடும் சமிக்ஞைப் புரதம்; அதில் ஒரு வகையான இன்டர்ஃபெரான் காமாவை அளக்கும் இரத்தச் சோதனை கிருமித் தொற்றைக் காட்டும்; ஆனால் கிருமி உறங்கிக் கிடக்கிறதா, நோயாக மூண்டுவிட்டதா என்பதை அதனால் பிரித்துச் சொல்ல இயலாது.

புதிய வழி 2010-இல் திறந்தது. லண்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தவர்கள், நோய் மூண்டிருக்கும்போது வெள்ளையணுக்களில் சில மரபணுக்கள், குறிப்பாக இன்டர்ஃபெரானால் தூண்டப்படுபவை, வழக்கத்தைவிட மும்முரமாக இயங்குவதையும் சிகிச்சை தொடங்கியபின் அந்த மும்முரம் தணிவதையும் கண்டார்கள். அப்போது 393 மரபணுப் படிகள் (மரபணு இயங்கும்போது உருவாகும் ஆர்.என்.ஏ. நகல்கள்) கொண்டிருந்த அந்தப் பட்டியல், 2016-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களின் கையில் மூன்று மரபணுக்களாகச் சுருங்கியது. காசநோயில் ஜிபிபி5, டியுஎஸ்பி3 இரண்டின் இயக்கமும் கூடுகிறது, கேஎல்எஃப்2-இன் இயக்கம் குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தின் வேறுபாடே மதிப்பெண்ணாகிறது. விரல் நுனியில் எடுத்த சில துளி இரத்தத்திலேயே இதை அளக்கும் கருவிப்பெட்டியும் சோதிக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் வைரஸ் காய்ச்சலிலும் இன்டர்ஃபெரான் பெருகும் என்பதால் இந்த மதிப்பெண் காசநோய்க்கு மட்டுமே உரியதன்று. எனவே இதை முடிவான தீர்ப்பாகக் கொள்ளாமல், யாரை மேலும் சோதிக்க வேண்டும் என்று பிரிக்கும் சல்லடையாகக் கொள்வதே சரி என்பது என் கருத்து. இத்தகைய முதற்கட்டச் சோதனை, நோயாளிகளில் 90 விழுக்காட்டினரையாவது பிடிக்க வேண்டும், நோயற்றவர்களில் 70 விழுக்காட்டினரையாவது விலக்க வேண்டும் என்பது 2014-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த குறைந்தபட்ச அளவு.

இருமலோடு வரும் 1,000 பேரில் 50 பேருக்குக் காசநோய் இருப்பதாகக் கொள்வோம். அந்த அளவை எட்டும் சோதனை, நோயுள்ள 45 பேரையும் நோயற்ற 285 பேரையும் சேர்த்து 330 பேரை அடுத்த கட்டத்துக்கு அனுப்பும். அந்த 330 பேருக்கும் சளிச் சோதனை தேவை. ஏனெனில் கிருமி, காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினை எதிர்க்கிறதா என்பதைக் கிருமியிடமிருந்தே அறிய முடியும். மீதி 670 பேரில் ஐவருக்கு நோய் இருந்தும் தெரியாமல் போயிருக்கும் என்பதால், இருமல் நிற்காவிட்டால் திரும்பி வர வேண்டும் என்று அத்தனை பேரிடமும் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.