எபேசுவில் கல் பொறுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்

இந்த சீசனிலும் ஒருவர் மாட்டினார். பைபிளின் வெளிப்படுத்தல் புத்தகத்தில் வரும் ஏழு சபைகள் இருந்த ஊர்களைப் பார்க்க, துருக்கிக்கு ‘ஏழு சபைகள்’ பயணக் குழுக்களைக் கூட்டிப்போகிற டூர் மேனேஜர் நான். சாப்பாட்டில் உப்பில்லை, பஸ்ஸில் முன் சீட்டு யாருக்கு என்று எந்தப் பஞ்சாயத்து வந்தாலும் பொறுத்துக்கொள்வேன். இந்தக் கல் பஞ்சாயத்தைத்தான் தாங்க முடியவில்லை. முதல் நாளே பஸ்ஸில் மைக் பிடித்துச் சொல்கிறேன், வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன், அந்த ஊர்களில் ஒன்றான, இடிந்து கிடக்கும் பழைய நகரமான எபேசுவின் வாசலில் நின்று திரும்பவும் சொல்கிறேன். அப்படியும் யாராவது ஒருவரின் பைக்குள் ஒரு பளிங்குத் துண்டு ஏறிவிடுகிறது.

இந்தமுறை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். துருக்கி விமான நிலையங்களில் கட்டடத்துக்குள் நுழையும்போதே ஒரு ஸ்கேன் உண்டு. உள்ளே போன பிறகு இன்னொன்று. இஸ்மீரில் முதல் ஸ்கேனிலேயே பெல்ட் நின்றது. பெட்டியைத் திறந்தார்கள். குளிக்கிற துண்டு, துண்டுக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் உள்ளங்கை அகல வெள்ளைக் கல். ஓர் ஓரத்தில் மட்டும் இலை மாதிரி ஒரு வளைவு செதுக்கியிருந்தது. அந்த வளைவுதான் வினை. “பவுலடியார் நடந்த ஊர்க் கல், தம்பி. ஜெப அறையில் வைக்கலாமென்று எடுத்தேன். கீழேதானே கிடந்தது” என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சாக்ஸுக்குள் ஒளித்துவைத்த கல்லுக்கு ஜெபத்தைக் காரணம் சொன்னால் எந்த அதிகாரி நம்புவார்?

விமானம் போய்விட்டது. அவர் ஊர் வந்து சேர்ந்துவிட்டார், கவலை வேண்டாம். எப்படி, எவ்வளவு செலவில் என்பது அந்தக் குடும்பத்தின் விஷயம், நான் எழுதக் கூடாது.

“கீழேதானே கிடந்தது”. எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இந்த ஒரு வார்த்தைதான். கீழே கிடப்பது யாருடையதும் இல்லை என்று யார் சொன்னது? துருக்கியில் 1983-இல் வந்த 2863-ஆம் எண் சட்டப்படி, பழம்பொருள் எங்கே கிடந்தாலும் அரசின் சொத்து. மண்ணுக்கு மேலே, கீழே, கடலுக்குள், யார் நிலத்தில் இருந்தாலும் சரி. ஒரு விவசாயி தன் சொந்த வயலை உழும்போது பழைய ஜாடி தட்டுப்பட்டால்கூட, மூன்று நாளுக்குள் அருங்காட்சியகத்திலோ ஊர்த் தலைவரான முக்தாரிடமோ சொல்லியாக வேண்டும். அவருக்கே அந்த ஜாடி சொந்தமில்லை என்னும்போது, டிக்கெட் வாங்கி உள்ளே போன நமக்கு அந்தக் கல் எப்படிச் சொந்தமாகும்? இதில் அளவுக் கணக்கும் கிடையாது. கட்டைவிரல் நகம் அளவு மொசைக் கல்லும் சரி, தூண் தலையும் சரி. அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோனால் 5 முதல் 12 ஆண்டுவரை சிறை, அதோடு அபராதம். செக்-இன் பெட்டியில் போட்டால் தெரியாது என்று நினைப்பவர்களுக்கு: தெரியும்.

இன்னொன்று. பெல்ட் அருகே நிற்கிற அதிகாரி தொல்லியல் படித்தவர் அல்ல. “இது சாதாரணக் கல், போங்கள்” என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை. கல் அருங்காட்சியக நிபுணரிடம் போக வேண்டும், அவர் எழுதித் தர வேண்டும். வெறும் ஜல்லி என்றே முடிவு வந்தாலும் அதற்குள் உங்கள் விமானம் தோஹாவைத் தாண்டியிருக்கும்.

“லட்சக்கணக்கில் கிடக்கிறது, ஒன்று குறைந்தால் என்ன” என்பார்கள். எபேசுவில் ரோமானியர் காலத்து மலைச் சரிவு வீடுகளுக்கு மேல் கூரை போட்டு வைத்திருக்கிறார்களே, அதற்குத் தனி டிக்கெட். காசு பார்க்காமல் உள்ளே போய்ப் பாருங்கள். ஒரு பெரிய கூடத்தின் சுவரை மூடியிருந்த பளிங்குப் பலகைகள் நொறுங்கிக் கிடைத்தன, ஏறக்குறைய 1,20,000 துண்டு. அவற்றை மேசைமேல் பரப்பி, கோடும் நிறமும் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்தியிருக்கிறார்கள். நீங்கள் செல்ஃபி எடுக்கிற செல்சஸ் நூலக முகப்பும் சரிந்து கிடந்ததுதான். ஆஸ்திரியத் தொல்லியலாளர்கள் 1970-களில் கிடந்த துண்டுகளைச் சேர்த்து நிமிர்த்தினார்கள். அந்தத் துண்டுகளை முன்பே ஆளுக்கொன்றாக எடுத்துப் போயிருந்தால் உங்கள் படத்தில் பின்னால் வெறும் வானம்தான் இருக்கும்.

துருக்கியர்கள் இவ்வளவு கறாராக இருப்பதற்குப் பட்ட அடிதான் காரணம். ஏழு சபை ஊர்களில் இன்னொன்றான பெர்கமுவில் பஸ் நின்றதுமே எங்கள் குழுவில் முதல் கேள்வி, “சாத்தானுடைய சிங்காசனம் எங்கே?” வெளிப்படுத்தலில் வரும் அந்தச் சொல் அங்கிருந்த பெரிய பலிபீடத்தைக் குறிக்கும் என்று பலர் சொல்வதால் வருகிற கேள்வி. போய்ப் பார்த்தால் அடிமேடையும் இரண்டு மரமும் நிற்கும். சிற்பங்கள் பெர்லினில். 1878-இல் தோண்டத் தொடங்கி, ஒப்பந்தம் போட்டே கொண்டுபோனார்கள். பழைய ட்ராய் நகரைத் தோண்டிய ஜெர்மானியர் ஷ்லீமன் ஒப்பந்தத்தை மதிக்கவே இல்லை. 1873-இல் தங்கப் புதையலைக் கடத்தினார், அது இன்று மாஸ்கோவில் இருக்கிறது. அன்றைய ஓட்டோமான் அரசில் ஓவியரும் அருங்காட்சியகத் தலைவருமான ஓஸ்மான் ஹம்தி பே 1884-இல் பழம்பொருள் வெளியே போகக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்ததற்குப் பின்னால் இதெல்லாம் இருந்தது. அதற்குப் பிறகும் போனது. தெற்குத் துருக்கியின் பழைய நகரமான பெர்கேயில் 1980-இல் ஒரு ஹெர்குலிஸ் சிலையின் கீழ்ப்பாதி கிடைத்தது, மேல்பாதி பாஸ்டனில் காட்சிக்கு இருந்தது. 2011-இல்தான் திரும்பியது, அன்றைய பிரதமர் எர்டோகனே தன் விமானத்தில் எடுத்துவந்தார். தமிழ்நாட்டிலிருந்து கடத்தப்பட்ட பத்தூர் நடராஜர் சிலைக்காக லண்டன் கோர்ட்டில் வழக்காடி மீட்ட ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இது புரியாதா?

கடைகளில் வாங்குகிற விஷயம் சுருக்கமாக. பழைய ஊர்களின் வாசலில் ஒருவர் பக்கத்தில் வந்து, உள்ளங்கையைப் பாதி திறந்து, “என் வயலில் கிடைத்தது, ரோமானியக் காசு” என்பார். போலியென்றால் பணம் போச்சு, அசலென்றால் நீங்கள் குற்றவாளி. நடையைக் கட்டுங்கள். கம்பளக் கடையில் ஆப்பிள் டீ குடியுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் “நூறு வருடக் கம்பளம்” என்று பெருமை பேசினால் உடனே அருங்காட்சியகச் சான்றிதழைக் கேளுங்கள். பில் மட்டும் போதாது. சான்றிதழ் என்றதும் பாதிப்பேரின் கம்பளத்துக்கு வயது சட்டென்று குறைந்துவிடும்! புதுக் கம்பளத்துக்குப் பில் போதும்.

நினைவுக்கு ஏதாவது வேண்டுமா? மண்பாண்டத்துக்குப் பேர்போன அவானோஸ் ஊரில் கிசிலிர்மாக் ஆற்றின் செம்மண்ணில் உங்கள் கண்முன்னே குயவர் வனைந்த கிண்ணம் வாங்குங்கள். குத்தாக்யா பீங்கான் ஓடு, திருஷ்டிக்கு நீலக் கண் மணி, செம்புக் காபிப் பாத்திரம் எல்லாம் நிம்மதியாக வீடு வந்து சேரும். பாமுக்காலேயில் எடுத்த கல்லைப் பூஜை அறையில் வைக்கப்போவதாக ஓர் அம்மா சொன்னார். “அம்மா, நீங்கள் எடுத்த இடம் இங்கிருந்த பழைய நகரம் ஹியராபொலிஸின் இடுகாடு, ஆயிரத்துக்கும் மேல் கல்லறை இருக்கிறது” என்றேன். கல் அந்த நிமிடமே தரைக்குப் போனது. சட்டம் சொல்லி நடக்காதது இப்படி நடக்கிறது. கடற்கரை மணலையும் விட்டுவிடுங்கள். துருக்கியின் செதீர் தீவில் காலில் ஒட்டிய மணலைக்கூடக் கழுவிவிட்டுத்தான் வெளியே விடுவார்கள்.

ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? அங்கேயே இருந்தால் எடுத்த இடத்தில் வையுங்கள். ஓட்டலுக்கு வந்துவிட்டால் ஒளிக்காமல் கைடிடம் சொல்லுங்கள். அவர் அரசு உரிமம் பெற்றவர், என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும். விமான நிலையத்தில் மாட்டினால் சத்தம் போடாதீர்கள், “நூறு டாலர் தருகிறேன்” என்று ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள், ஒரு வழக்கு இரண்டாகும். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அங்காராவில் நம் தூதரகமும் இஸ்தான்புல்லில் துணைத் தூதரகமும் இருக்கின்றன, எண்களைப் புறப்படும்போதே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். கிளம்பும் முந்தின இரவு பெட்டியை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். பிள்ளைகளின் கால்சட்டைப் பைகளையும் சேர்த்து.