கோணிக்கொண்டே நிற்கும் வீடு

இங்கிலாந்தின் செஷயரில், காங்கிள்டன் ஊருக்குப் பக்கத்தில், அகழிக்கு நடுவே நிற்கிறது லிட்டில் மோர்ட்டன் ஹால். அதன் போட்டோவை முதல் தடவை பார்க்கிறவர்கள் கேமராவில்தான் ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். ஒரு கோடுகூட நேராக இருக்காது. 1500களின் தொடக்கத்தில் மோர்ட்டன் குடும்பம் கட்ட ஆரம்பித்து, நூறு வருஷம்போல அங்கங்கே ஒட்டுப் போட்டுக்கொண்டே போயிருக்கிறது.

இந்த மாதிரி வீட்டில் சுவர் எதையும் தாங்குவதில்லை, பாரம் முழுக்க ஓக் மரச் சட்டத்தின் மேல்தான். சட்டங்களுக்கு நடுவே சுள்ளியைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் பிசைந்து அப்பிய பூச்சு வெறும் அடைப்பு.

சரி, சட்டத்தைப் பிடித்து வைப்பது எது? இரும்பு ஆணி இல்லை, ஓக்கில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புச் சத்து இரும்பை அரித்துவிடும். ஒரு மரத்தின் நுனியை நாக்கு மாதிரி செதுக்கி, இன்னொன்றில் வெட்டிய குழிக்குள் செருகி, குறுக்கே மரமுளை அடிப்பார்கள். நாக்கில் போடும் துளையை வேண்டுமென்றே ஒரு நூல் தள்ளிப் போடுவார்கள், அதனால் முளை உள்ளே போகப் போக இரண்டு மரத்தையும் இழுத்து இறுக்கும். அப்புறம், மரத்தைக் காயவைக்காமல் பச்சையாகவே வெட்டிச் செய்வார்கள், ஏனென்றால் காய்ந்த ஓக் உளிக்கு மசியாது. வீடாக நின்றபிறகு, வருஷக்கணக்கில் காயும்போது மரம் குறுக்குவாக்கில் சுருங்கும், நீளவாக்கில் அனேகமாகச் சுருங்காது. அதனால் முறுக்கிக்கொள்ளும், வளையும், ஆனால் மூட்டு விடாது.

இங்கே கோணல் இவ்வளவு அதிகமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தெற்குப் பக்கத்தின் உச்சியில் ஏறத்தாழ 68 அடி நீளத்துக்கு, சுற்றிலும் கண்ணாடி ஜன்னல் வைத்து ஒரு கூடம் ஏற்றினார்கள். போதாததற்கு அதன் மேலே கனமான கற்பலகைக் கூரை. பாவம், கீழ்மாடிகள் பிதுங்கிவிட்டன. பிற்பாடு எஃகுக் கம்பிகள் போட்டுக் கட்டித்தான் அந்தக் கூடத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

1938இல் வீடு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் கைக்கு வந்தது. 1976இல் பழுதுபார்க்கும்போது மரப்பலகைகளுக்குப் பின்னால் பழைய சுவரோவியங்கள் கிடைத்தன. மரம் கறுப்பும் அடைப்பு வெள்ளையுமாக இன்றைக்கு எல்லாரும் ரசிக்கும் கோலம் ஆதியில் கிடையாது. விக்டோரியா காலத்தில் மரத்துக்குத் தாரும் அடைப்புக்கு வெள்ளையும் பூசியதில் வந்த நிறம் அது. அதற்கு முன் மரம் வெள்ளி போல வெளிறி, அடைப்புகள் காவி நிறத்தில் இருந்திருக்கும். எனக்கென்னவோ அதுதான் அழகாக இருந்திருக்கும் என்று படுகிறது.

முற்றத்துக்குப் போனால் ஜன்னல்களுக்கு மேலே பாருங்கள். 1559 என்று ரோமன் எண்ணில் வருஷம் போட்டு, கடவுள் அருளால் இந்த ஜன்னல்களைச் செய்தவன் நான் என்று ரிச்சர்ட் டேல் என்ற தச்சர் செதுக்கி வைத்திருக்கிறார். ‘கார்ப்பென்டர்’ என்பது அதில் ‘கார்ப்பெடர்’ என்று இருக்கிறது.