கடலோர மனை: பட்டாவுக்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒரு கோடு

மதுரையில் கடல் கிடையாது, ஆனால் கடலோரத்தில் மனை வாங்கும் ஆசைக்குக் குறைச்சல் இல்லை. ராமநாதபுரம் பக்கம் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம், பட்டா சுத்தமாக இருக்கிறது, பஞ்சாயத்தில் பேசியாச்சு என்று புரோக்கர் சொல்வார். ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவது, கரையில் எதுவரை வரும் என்று காட்டும் கோடு பற்றி மட்டும் வாய் திறக்க மாட்டார்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் அதிகமாக ஏறும் இல்லையா, அப்போது தண்ணீர் கரையில் எதுவரை வருகிறதோ அதுதான் உயர் ஓதக் கோடு. அங்கிருந்து தரைப்பக்கம் 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம், ஆபீஸ்களில் சிஆர்இசட் என்பார்கள். 1991-இல் வந்த விதி, 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதினார்கள். பாக் நீரிணைக் கரையில் ஓதம் ஆளுயரத்துக்கெல்லாம் ஏறாது, ஆனால் தரை தாம்பாளம் மாதிரி இருப்பதால் கொஞ்சம் ஏறினாலே உள்ளே வெகுதூரம் பரவிவிடும்.

கிராமப்புறக் கரை என்றால் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புது வீடு கூடாது. தென்னை வைக்கலாம், முறையான அனுமதியோடு ஏற்கெனவே இருக்கும் வீட்டை அளவு கூட்டாமல் பழுது பார்க்கலாம். மீனவக் குடும்பங்களுக்குச் சில விலக்குகள் உண்டு, இங்கிருந்து போய் வாங்குகிறவருக்கு அது பொருந்தாது. "இப்போ 50 மீட்டர்தான் சார்" என்றும் சொல்வார்கள். 2019 விதியில் அப்படி இருப்பது உண்மைதான், ஆனால் அது 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வசிக்கும் ஊர்களுக்கு, அதுவும் அந்த விதிப்படி போட்ட வரைபடம் ஒப்புதல் ஆன பிறகு. பனையும் உடைமரமும் மட்டும் நிற்கிற இடத்தில் அத்தனை பேரா இருக்கிறார்கள்?

அப்புறம், கடலோரம் மட்டும் என்று நினைக்காதீர்கள், ஓதம் ஏறும் ஆற்றங்கரையும் இதில் வரும். வறண்ட காலத்தில் லிட்டருக்கு 5 கிராம் உப்பு எதுவரை தெரிகிறதோ அதுவரை கணக்கு. 2011 விதிப்படி கரையிலிருந்து 100 மீட்டர், 2019 விதிப்படி 50 மீட்டர், ஆற்றின் அகலம் அதைவிடக் குறைவு என்றால் அந்த அகலம். நம் வைகை கடலைத் தொடும் ஆற்றங்கரை ஊர்ப்பக்கம் மனை பார்க்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

சரி, பஞ்சாயத்து அனுமதி? 2019 விதிப்படி 300 சதுர மீட்டர் வரையிலான சொந்த வீட்டுக்கு உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரலாம், ஆனால் மண்டல விதிக்கு உட்பட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் தர வேண்டும். பார்க்காமல் தந்தால் மாட்டிக்கொள்வது வாங்கியவர். கேரளத்தில் கொச்சி பக்கம் மரடு அடுக்குமாடிகளுக்கும் பஞ்சாயத்து அனுமதி இருந்தது; ஆனால் இந்த மண்டல விதியை மீறியவை என்பதால், உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

ஆகவே சர்வே நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு 1:4000 அளவிலான கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தைத் தேடுங்கள், புல எண்களோடு சேர்த்தே அதில் கோடு போட்டிருக்கும். மாநில சுற்றுச்சூழல் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம், புரியாவிட்டால் கலெக்டர் தலைமையில் உள்ள மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை அமைப்பில் எழுத்தாகக் கேளுங்கள். பதில் வரும்வரை அட்வான்ஸ் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.