கோப்பைத் திறக்கையில் ஜாவா வீசும் பிழைகள்

ஜாவா நிரல்மொழியில், கோப்பைப் படிக்க உதவும் ஃபைல்ரீடரைக் கொண்டு ஒரு கோப்பைத் திறக்கும்படி ஒற்றை வரி எழுதினாலே, நிரல் ஓடுவதற்கு முன்பே, அதை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் தடுத்துவிடுகிறது. கோப்பு வட்டில் பத்திரமாக இருந்தாலும் இதே கதைதான். கம்பைலர் வட்டைப் பார்ப்பதில்லை; ஃபைல்ரீடரை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர், ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று பொருள்படும் ஃபைல்நாட்ஃபவுண்ட்எக்செப்ஷன் என்ற பிழையை வீசக்கூடும் என்ற அறிவிப்பை மட்டுமே பார்க்கிறது. அந்தப் பிழையை ட்ரை, கேட்ச் எழுதி அங்கேயே பிடிக்க வேண்டும். இல்லையேல் த்ரோஸ் என்று அறிவித்து, அழைத்த மெத்தடின் (நிரல்பகுதியின்) பொறுப்பில் விட வேண்டும். கோப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதிப்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. சோதனைக்கும் திறப்பதற்கும் இடையிலான நொடிப்பொழுதில் வேறொரு நிரல் அதை அழித்துவிடலாம்.

இந்த எக்செப்ஷனின் பெயரை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கோப்பு கண்முன்னே இருந்து, படிக்க அனுமதி மட்டும் இல்லையென்றாலும், கொடுத்த பாதை ஒரு ஃபோல்டரைக் குறித்தாலும் வருவது இதே ஃபைல்நாட்ஃபவுண்ட்தான். லினக்ஸில் செய்தியின் கடைசியில் ‘பெர்மிஷன் டினைட்’ என்றோ ‘இஸ் எ டைரக்டரி’ என்றோ இருப்பதைப் படித்தால்தான் உண்மைக் காரணம் புலப்படும்.

2011இல் வந்த ஜாவா 7 ஃபைல்ஸ் என்ற புதிய வகுப்பைத் தந்து இக்குழப்பத்தைக் குறைத்தது. அதில் கோப்பு இல்லையென்றால் நோசச்ஃபைல்எக்செப்ஷன், அனுமதி இல்லையென்றால் ஆக்சஸ்டினைட்எக்செப்ஷன் எனத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. ஆனால் இவை ஃபைல்நாட்ஃபவுண்டின் வாரிசுகள் அல்ல. எல்லாமே உள்ளீடு-வெளியீட்டுப் பிழைகளின் பொதுவகையான ஐஓஎக்செப்ஷனின் வழித்தோன்றல்கள். ஆகவே பழைய நிரலைப் புதிய வகுப்புக்கு மாற்றிவிட்டு, ஃபைல்நாட்ஃபவுண்டைப் பிடிக்கும் கேட்சை அப்படியே விட்டுவைத்தால், அந்தப் பகுதி ஒருபோதும் இயங்காமல் கிடக்கும், கம்பைலரும் எச்சரிக்காது.

கோப்பு திறந்த பிறகும் பிழை வரலாம். டிஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் சேமித்த பழைய தமிழ்க் கோப்பு ஒன்றை ஃபைல்ஸின் ரீட்ஆல்லைன்ஸ் கொண்டு படித்தால், அது கோப்பை யுடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியீட்டில் உள்ளதாக எண்ணி பைட்டுகளைப் பிரிக்க முயன்று, மால்ஃபார்ம்ட்இன்புட்எக்செப்ஷனை வீசும். செய்தியில் கோப்பின் பெயரோ வரி எண்ணோ இராது; ‘இன்புட் லெங்த் = 1’ என்பது போன்ற குறிப்பு மட்டுமே இருக்கும். அதே கோப்பை யுடிஎஃப்-8 என்று கொண்டு ஃபைல்ரீடர் படித்தால் பிழையே வராது; புரியாத பைட்டுகளுக்குப் பதிலாக மாற்றுக்குறிகளை இட்டுவிட்டு அமைதியாகப் போய்விடும். இரண்டில் முரட்டுத்தனமாகத் தோன்றும் முதல் வழியே மேல். தரவு கெட்டது உடனே தெரிகிறதல்லவா? ஆனால் இந்த எக்செப்ஷனும் ஐஓஎக்செப்ஷனின் வழிவந்ததுதான். அதைப் பிடிக்கும் பொதுவான கேட்ச் ‘கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்று மட்டும் அச்சிட்டால், பயனர், எழுத்துக் குறியீட்டை விட்டுவிட்டுக் கோப்பின் பாதையைத்தான் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பார்.