கூடுதல் வட்டிக் கணக்கா? முதலில் அடகுச் சீட்டை எடுத்துப் பாருங்கள்

சம்பளம் போடும் 10ஆம் திகதியும் அதற்கடுத்த இரண்டு நாளும் ஹட்டனில் எங்கள் வங்கிக் கவுண்டருக்கு முன்னால் நிற்க இடமிருக்காது. அந்தக் கூட்டம் வடிந்த ஒரு மத்தியானம், பொகவந்தலாவைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) காசு 9 லட்சம் கைக்கு வந்திருந்தது.

“மகன் கொழும்புல இருந்து போன் பண்ணினான், மகள். கூட வட்டி குடுக்கிற சேமிப்புக் கணக்கு ஒன்னு இருக்காம். முழுக் காசையும் அதுல போட்டுருங்க.”

“போடலாம் அம்மா. அடகுல ஏதாவது இருக்கா?”

சற்றுத் தயங்கிவிட்டு, சேலை மடிப்பில் சுருட்டி வைத்திருந்த மூன்று சீட்டுகளை எடுத்தார். மொத்தம் 2 லட்சம்.

இந்தக் கேள்வியை நான் எல்லாரிடமும் கேட்கிறேன். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள் நான்; நகை அடகில் இல்லாத வீடு எங்கள் வரிசையில் குறைவு. கணக்கைப் பாருங்கள். அடகுக்கு வருடம் 15 வீத வட்டி என்று வைத்துக்கொண்டால் 2 லட்சத்துக்கு 30,000 ரூபாய் கட்ட வேண்டும். அதே 2 லட்சத்தை 6 வீதம் தரும் கணக்கில் போட்டால் கிடைப்பது 12,000. வலது கையால் 12,000 வாங்கி இடது கையால் 30,000 கொடுப்பதற்குப் பெயர் சேமிப்பு இல்லை. நகையை மீட்பதைவிட நல்ல வட்டி தரும் கணக்கு எந்த வங்கியிலும் கிடையாது.

நகை திரும்பி வந்த பிறகு மிச்சத்தைப் பற்றி யோசிக்கலாம். கூடுதல் வட்டிக் கணக்குகளுக்கு நிபந்தனைகள் உண்டு. விளம்பரத்தில் பெரிதாக இருக்கும் வீதம் பெரும்பாலும் பெரிய தொகை கணக்கில் இருப்பவர்களுக்குத்தான். மீதி குறிப்பிட்ட தொகைக்குக் கீழே இறங்கினாலோ, மாதத்தில் அனுமதித்த தடவைக்கு மேல் காசு எடுத்தாலோ, அந்த மாதம் சாதாரண வட்டியே சேரும். பிள்ளையின் டியூசனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அடிக்கடி எடுக்க வேண்டியவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வட்டியைத் தினசரி மீதிக்குப் போடுகிறார்களா, மாதத்தின் ஆகக் குறைந்த மீதிக்கா என்று கேளுங்கள். தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. விளங்காத படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

வரியும் இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்பு 5 வீதம். வருட வருமானம் 18 லட்சத்தைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுயபிரகடனம் (தங்கள் வருமானம் இவ்வளவுதான் என்று எழுதிக் கையெழுத்திடும் படிவம்) கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். இது தெரியாமல் விட்டுக்கொடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

வட்டி ஆகக் கூடுதலாக இருக்கும் இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2008இல், மக்களிடம் வைப்புப் பணம் வாங்கிய கோல்டன் கீ நிறுவனம் விழுந்தபோது வட்டி ஆசையில் போட்ட எத்தனையோ பேரின் முதலே முடங்கியது. மத்திய வங்கியின் அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. அம்மாவின் 9 லட்சம் அதற்குள் அடங்கும். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசாங்கமே முழு உத்தரவாதம் தருகிறது. தபாலகத்திலும் கணக்கைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது பஸ் குறைந்த தோட்டங்களுக்குப் பெரிய வசதி.

2022 செப்டெம்பரில் விலைவாசி வருடத்துக்கு 69.8 வீதம் ஏறியதை நாம் மறக்கவில்லை. அன்று 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தும் காசின் பெறுமதி கரைந்தது. அதனால் வட்டி வீதத்தை மட்டும் பார்க்காமல் அரிசி விலையையும் சேர்த்துப் பாருங்கள்.

அம்மா கடைசியில் 2 லட்சத்துக்கு நகைகளை மீட்டார். கூரைத் தகடு மாற்றவும் அவசரத்துக்கும் 1 லட்சம் சாதாரணக் கணக்கில். 3 லட்சம் கூடுதல் வட்டிக் கணக்கில், மிச்சம் 3 லட்சம் ஒரு வருட நிலையான வைப்பில். மகனுக்குப் போன் போட்டுத் தானே விளக்கினார்.

எழும்பும்போது பின்னுரித்தாளி, அதாவது தனக்குப் பிறகு காசைப் பெற வேண்டியவரின் பெயரை எழுதச் சொன்னேன். புருசன் இறந்த பின் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, காசு எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் அலைந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். மருமகள் பெயரா மகன் பெயரா என்று அவர் ஐந்து நிமிடம் யோசித்து, மருமகள் பெயரைச் சொன்னார். நீங்கள் இன்னும் எழுதவில்லை என்றால், அடுத்த முறை வரும்போது அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள்.