மைலுக்காகச் சாப்பிடப் போகாதீர்கள்

பிப்ரவரி பாதியில் தொடங்கி ஏப்ரல் 15 வரை எங்கள் அலுவலகத்தில் உட்கார இடம் இருக்காது. நியூ ஜெர்சியில் வரிக் கணக்கு பார்க்கும் எனக்கு, பல குடும்பங்களின் ஓராண்டுச் செலவு முழுவதும் கண்ணில் படுவது அந்த இரண்டு மாதங்களில்தான். சொந்தத் தொழில் செய்பவர்கள் கார்டு ஸ்டேட்மென்டுகளை அப்படியே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். எது தொழில் செலவு, எது வீட்டுச் செலவு என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு தம்பியின் ஸ்டேட்மென்டில் ஒரே மாதத்தில் ஒன்பது ரெஸ்டாரண்ட் பில்கள் வந்தன. ஐடி கன்சல்டன்ட். சின்னக் குழந்தை இருக்கும் வீடு. முந்தைய ஆண்டுகளில் மாதத்துக்கு இரண்டு, மூன்று என்றுதான் இருந்தது.

“இதெல்லாம் கிளையன்ட்டோட போனதா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா, மைல் ஏறும்னு போனது. ஊருக்கு டிக்கெட் ஃப்ரீயா எடுத்துடலாம்ல.”

மைல் என்பது விமான நிறுவனங்கள் தரும் புள்ளி; போதுமான அளவு சேர்ந்தால் அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். அவரைப் போலப் பலர் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். சாப்பாட்டுக்கு மைல் தரும் இந்தத் திட்டத்தில் மோசடி எதுவும் இல்லை. அது எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் அதன் பின்னால் ஓடுவதில்தான் பணம் போகிறது.

அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் பலவற்றுக்கு ‘டைனிங்’ என்று ஒரு திட்டம் உண்டு. அமெரிக்கன், யுனைடெட், டெல்டா, சவுத்வெஸ்ட் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக இருக்கிறது. விமான நிறுவனத்தின் மைல் கணக்கோடு உங்கள் கிரெடிட் கார்டையோ டெபிட் கார்டையோ இணைத்துவிட வேண்டும். அவர்கள் பட்டியலில் உள்ள உணவகத்தில் அந்தக் கார்டைத் தேய்த்தால் மைல் தானாக ஏறும். சர்வரிடம் எதையும் சொல்ல வேண்டாம், கூப்பன் காட்ட வேண்டாம். கார்டு நிறுவனம் வழக்கமாகத் தரும் புள்ளிகளும் தனியாக வந்துவிடும். இதுவரை எல்லாம் நல்லதுதான்.

எவ்வளவு ஏறும்? அது நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விளம்பர மின்னஞ்சல் வேண்டாம் என்றால் மிகக் குறைவாகத்தான் கிடைக்கும். மின்னஞ்சலுக்குச் சம்மதித்தால் பொதுவாக டாலருக்கு 3 மைல். ஓராண்டில் 11 முறை சாப்பிட்டு முடித்தால் டாலருக்கு 5 மைல். அந்தப் பதினொன்று என்ற எண்ணைக் கவனியுங்கள். ஒன்பதாவது முறையில் நிற்பவர் “இன்னும் ரெண்டு தடவைதானே” என்று கிளம்பிவிடுவார். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் சில வாரங்களுக்குள் இவ்வளவு சாப்பிட்டால் போனஸ் என்றும் ஒரு கெடு வைப்பார்கள். நம் தம்பியின் ஒன்பது பில்களில் பாதி அந்தக் கெடுவுக்குள் வந்தவை.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவரோடு உட்கார்ந்து போட்ட கணக்குதான் இது. ஒரு குடும்பம் மாதம் இரண்டு முறை, டிப்ஸோடு சேர்த்து 80 டாலருக்குச் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,920 டாலர். டாலருக்கு 3 மைல் என்றால் 5,760 மைல். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மைல்களைக் கொண்டு கத்தார் ஏர்வேஸில் தோஹா வழியாகச் சென்னைக்குப் போகலாம். கூட்டாளி நிறுவனங்களுக்கான அட்டவணைப்படி எகானமியில் ஒரு வழிக்கு 40,000 மைல், போய்வர 80,000. அதுவும் மைலுக்கு ஒதுக்கிய இருக்கை அந்தத் தேதியில் இருந்தால்தான். வரியும் கட்டணங்களும் தனி.

80,000-ஐ 5,760-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14 ஆண்டுகள். ஒரே ஒருவருக்கு. இன்று மடியில் இருக்கும் குழந்தை ஹைஸ்கூல் போன பிறகு அப்பா மட்டும் ஒருமுறை ஊருக்குப் போய்வரலாம். சீக்கிரம் சேர்க்க வேண்டும் என்றால் 26,667 டாலருக்குச் சாப்பிட வேண்டும். அந்தப் பணத்தில் குடும்பம் மொத்தமும் பலமுறை போய்வந்துவிடலாம்.

பணமாகப் பார்த்தால் இன்னும் தெளிவாக இருக்கும். என் கிளையன்ட்டுகளுக்குக் கணக்குப் போடும்போது ஒரு மைலுக்கு ஒன்றேகால் சென்ட் என்று வைத்துக்கொள்வேன். அப்படிப் பார்த்தால் 5,760 மைலின் மதிப்பு 72 டாலர். எப்படியும் சாப்பிடப் போகிற வீட்டுக்கு இது லாபம்தான். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மைலுக்காகக் கூடுதலாக ஒரே ஒரு முறை வெளியே போய் 80 டாலர் செலவு செய்தால், அந்த ஆண்டின் லாபம் முழுவதும் அங்கேயே கரைந்துவிடுகிறது.

கார்டில் பாக்கி வைத்திருப்பவர்களிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். இங்கே கிரெடிட் கார்டு வட்டி சராசரியாக ஆண்டுக்கு 20 சதவீதத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. 21 சதவீதத்தில் 3,000 டாலர் பாக்கி நின்றால் மாதம் 52 டாலருக்கு மேல் வட்டி. அதே மாதத்தில் 160 டாலருக்குச் சாப்பிட்டு வந்த 480 மைலின் மதிப்பு 6 டாலர். ஆறு வருகிறது, ஐம்பத்திரண்டு போகிறது. பாக்கி தீரும்வரை மைல் பேச்சே எடுக்க வேண்டாம் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இதைக் கேட்டு முகம் சுருங்குபவர்கள் உண்டு. ஆனாலும் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

அடிக்கடி பார்க்கும் இன்னொரு குழப்பம் கார்டு இணைப்பில் வருவது. இந்தத் திட்டங்களில் பலவற்றைப் பின்னாலிருந்து நடத்துவது ஒரே நிறுவனம்தான்: சிகாகோவைச் சேர்ந்த ரிவார்ட்ஸ் நெட்வொர்க். அதனால் ஒரு கார்டு ஒரு நேரத்தில் ஒரு திட்டத்தில் மட்டுமே இருக்க முடியும். கணவர் யுனைடெட்டில் இணைத்திருப்பார். மனைவி கையில் இருக்கும் கூடுதல் கார்டும் அதே எண்ணாக இருக்கும். அவர் அதை டெல்டாவில் இணைப்பார். கடைசியாக எங்கே இணைத்தார்களோ மைல் அங்கேதான் போகும். ஒரு வீட்டில் ஏழு மாதம் இது தெரியாமலேயே போயிருந்தது. எந்தக் கார்டு எந்த விமானத்துக்கு என்று வீட்டில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டெபிட் கார்டில் பின் எண் போட்டுக் கட்டினால் மைல் கிடையாது. டெலிவரி ஆப் வழியாக வரவழைத்தாலும் கிடையாது. பணத்தை உணவகமே நேரடியாக எடுத்திருக்க வேண்டும்.

அப்புறம், உங்கள் கார்டு நடமாட்டத்தைப் பார்க்க ஒரு நிறுவனத்துக்கு அனுமதி கொடுக்கிறீர்கள் என்பதையும் அறிந்தே கொடுங்கள். “உங்கள் மைல் நாளை காலாவதியாகிறது, இங்கே அழுத்துங்கள்” என்று வரும் மெசேஜை ஒருபோதும் அழுத்த வேண்டாம். கிரெடிட் கார்டில் திருட்டுப் போனால் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. மைல் திருட்டுப் போனால் விமான நிறுவனத்தின் நல்ல மனதைத்தான் நம்ப வேண்டும்.

வரிக்கு வருகிறேன். “இந்த மைலுக்கு வரி உண்டா?” என்று ஆண்டுதோறும் யாராவது கேட்பார்கள். காசு செலவழித்து அதற்குப் பதிலாகக் கிடைக்கும் மைல் விலைத் தள்ளுபடி மாதிரிதான். வருமானமாகக் கணக்கில் வராது. அலுவலகப் பயணத்தில் சேர்ந்த மைலைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினாலும் வரி கேட்டு வரமாட்டோம் என்று அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் 2002-இல் அறிவித்தது. செலவே செய்யாமல் கிடைக்கும் பரிசு வேறு. வங்கியில் கணக்கு வைத்ததற்காகக் கிடைத்த புள்ளிகளில் ஒருவர் விமான டிக்கெட் எடுத்தார். அதன் மதிப்பு வருமானம்தான் என்று 2014-இல் வரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே உங்களுக்குக் கிடைத்த வருமானத்தைக் காட்டும் 1099 படிவம் வங்கியிலிருந்து வந்தால் அதைக் குப்பையில் போட்டுவிடாமல் எங்களிடம் கொண்டுவாருங்கள்.

சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொழில் நிமித்தம் சாப்பிட்ட பில்லில் பாதியைத்தான் வருமானத்திலிருந்து கழிக்க முடியும். 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் உணவகச் சாப்பாட்டுக்கு முழுக் கழிவு இருந்தது. அதை இன்னும் நினைவில் வைத்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். மைலுக்காகக் குடும்பத்தோடு போன ஒன்பது பில்களில் ஒன்றைக்கூடத் தொழில் செலவில் சேர்க்க முடியாது. தம்பி கேட்டார், முடியாது என்றேன்.

இந்த மைல் யார் பணத்தில் வருகிறது? இதை அனேகமாக யாரும் கேட்பதில்லை. விமான நிறுவனம் தருகிறது என்று நினைக்கிறோம். உணவகம்தான் தருகிறது. ரிவார்ட்ஸ் நெட்வொர்க்கின் வேர் 1984-இல் ட்ரான்ஸ்மீடியா என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம். உணவகத்துக்கு முன்கூட்டியே ரொக்கம் கொடுத்துவிட்டு, அதைவிட அதிக மதிப்புள்ள சாப்பாட்டை வரவாக எழுதி வாங்கிக்கொள்வது அதன் தொழில். இன்றும் உணவகங்களுக்கு முன்பணமும் விளம்பரமும் கொடுப்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. உறுப்பினர் சாப்பிடும் ஒவ்வொரு பில்லிலும் உணவகம் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறது. அந்தப் பங்கிலிருந்து விமான நிறுவனத்திடம் மைல் வாங்கப்பட்டு உங்கள் கணக்கில் ஏறுகிறது.

எனக்குச் சிறிய உணவகங்கள் நடத்தும் கிளையன்ட்டுகளும் இருக்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு மாவு எடுத்து வைத்து, இரவு பதினொன்றுக்குக் கல்லைத் துடைத்துவிட்டுப் போகிறவர்கள். வாடகை, சம்பளம், கார்டு கட்டணம் எல்லாம் போக நூறு டாலர் விற்பனையில் ஐந்து டாலர் கையில் நின்றால் அதை நல்ல மாதம் என்பார்கள். அவர்களில் ஒருவர் இப்படி ஒரு முன்பணத் திட்டத்தில் சேரலாமா என்று கேட்டு வந்தார். செவ்வாய், புதன் மாலைகளில் அவர் கடையில் பாதி மேசை காலியாகக் கிடக்கும். அந்த மேசைக்குப் புதியவர் வந்தால், பங்கு கொடுத்தபின்பும் ஏதோ மிஞ்சும். ஆனால் வெள்ளி, சனி மாலைகளில் எப்படியும் வரப்போகிற வாடிக்கையாளருக்கும் அதே பங்கைக் கொடுக்க நேர்ந்தால் கைநஷ்டம். முன்பணம் யாரிடம் வாங்கினாலும் இரண்டு எண்களை ஒப்பந்தத்தில் தேடச் சொன்னேன்: மொத்தமாகத் திருப்பித் தர வேண்டியது எவ்வளவு, தினசரி கார்டு வசூலில் பிடித்தம் எவ்வளவு. இதை வட்டி என்று எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆண்டு வட்டியாக மாற்றிப் பார்த்தால் வங்கிக் கடனைவிடப் பல மடங்கு வரக்கூடும். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை மாலையில் அளவு சாப்பாட்டின் விலையைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கிறேன் என்று போனார்.

இதனால் இந்தத் திட்டத்தில் உள்ள உணவகத்துக்குப் போகக் கூடாது என்று சொல்லவில்லை. முன்பணம் கிடைத்து அடுப்பையும் ஃப்ரீசரையும் மாற்றிக்கொண்ட கடைகளும் உண்டு. மைல் வரும் கடையில் டிப்ஸைக் குறைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். டிப்ஸுக்கும் சேர்த்துத்தான் மைல் ஏறுகிறது.

கடைசியாக, இந்தத் திட்டம் நிஜமாகவே உதவும் ஓர் இடம். டெல்டா, யுனைடெட், சவுத்வெஸ்ட் மைல்களுக்குக் காலாவதி கிடையாது. அமெரிக்கன் மைல்களுக்கு உண்டு: 24 மாதம் கணக்கில் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் மொத்தமும் போய்விடும். விமானத்தில்தான் பறக்க வேண்டும் என்பதில்லை. டைனிங் திட்டத்தில் ஒரே ஒரு சாப்பாட்டுக்கு மைல் ஏறினாலும் அந்த 24 மாதம் முதலிலிருந்து தொடங்கும். நம் தம்பியிடம் வீட்டில் உள்ள எல்லாக் கணக்குகளையும் திறந்து பார்க்கச் சொன்னேன். அவர் மனைவி முன்பு வேலை பார்த்தபோது பறந்து சேர்த்த 31,000 மைல் அமெரிக்கனில் சும்மா கிடந்தது. காலாவதிக்கு இரண்டரை மாதம் இருந்தது. பணம் கட்டிய அன்றே மைல் ஏறிவிடாது, கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள் என்றேன்.

மனைவியின் கார்டை அவர் கணக்கிலேயே இணைத்து, அந்த வாரமே வீட்டுக்குப் பக்கத்தில் பட்டியலில் இருந்த ஒரு பீட்சா கடையில் 14 டாலருக்குச் சாப்பிட்டார்கள். பத்து நாள் கழித்துத் திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். காலாவதித் தேதி இரண்டு ஆண்டு தள்ளிப் போயிருந்தது.