செடியில் விளைந்தாலும் ஆக்சலேட் ஆக்சலேட்தான்

பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வருவதற்கு முன்பே நோய்க்குறியியல் மருத்துவர் போனில் கூப்பிட்டால், சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று பொருள். இந்த முறை அவர் கேட்டது ஒன்றுதான்: "இவரும் ஜூஸ் பார்ட்டியா?"

ஆமாம், இவரும்தான். கொலஸ்ட்ராலைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை நம்பி, கொல்லையில் காய்த்துக் கொட்டிய பிலிம்பி என்ற புளிப்புக் காயை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, வெறும் வயிற்றில் குடித்திருக்கிறார். சில நாளிலேயே வாந்தி, விலாவில் வலி, சிறுநீர் சுருங்கிப்போனது. வந்து சேரும்போது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 8-ஐத் தாண்டியிருந்தது, 1.2-க்குள் இருக்க வேண்டியது. டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே என்னிடம் வாதாடுகிறார்: "கெமிக்கல் எதுவும் சேர்க்கலையே டாக்டர், எல்லாம் இயற்கைதானே?"

இந்தக் கேள்வி மட்டும் இல்லையென்றால் என் வார்டில் சில படுக்கைகள் காலியாக இருக்கும். அதனால் நோயைவிடக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்லப்போகிறேன்.

பிலிம்பிக் காய் ஏன் அப்படிப் புளிக்கிறது? அதில் ஆக்சாலிக் அமிலம் நிறைய இருக்கிறது. இரண்டு கார்பன், நான்கு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன், அவ்வளவுதான் அந்த மூலக்கூறு. காய்க்குள் இருப்பதும் அதுதான், துருக்கறை எடுக்கக் கடையில் விற்கும் ஆக்சாலிக் அமிலத்தில் இருப்பதும் அதுதான். வண்டி ரேடியேட்டருக்கு ஊற்றுகிற கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். அதை யாராவது தவறிக் குடித்துவிட்டால் கல்லீரல் அதையும் கடைசியில் ஆக்சலேட்டாகவே, அதாவது இதே அமிலத்தின் உப்பு வடிவமாகவே, மாற்றுகிறது. கூலன்ட் குடித்தவரின் சிறுநீரகத்தையும் பிலிம்பி ஜூஸ் குடித்தவரின் சிறுநீரகத்தையும் மைக்ராஸ்கோப்பில் முனைவாக்கிய ஒளியில் பார்த்தால், இரண்டிலும் நுண்குழாய்களுக்குள் ஒரே கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் பளபளக்கும். எது தோட்டத்திலிருந்து வந்தது, எது மெக்கானிக் ஷெட்டிலிருந்து வந்தது என்று படிகத்தை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

"உயிருள்ளதிலிருந்து வந்தால் தனி மகிமை" என்ற நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியது இல்லை. ஐரோப்பாவின் பெரிய வேதியியலாளர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினார்கள். உடலில் உண்டாகும் பொருள்களுக்கு ஏதோ ஓர் உயிர்ச்சக்தி வேண்டும், ஆய்வகக் குடுவையில் அவை உருவாகாது என்று. ஜெர்மனியின் பிரெட்ரிக் வோலர் 1824-இல் சயனோஜென் வாயுவிலிருந்து இதே ஆக்சாலிக் அமிலத்தைத் தயாரித்தார். 1828-இல் சிறுநீரில் வெளியேறும் யூரியாவையும் குடுவையிலேயே செய்துவிட்டார். மனிதனின் சிறுநீரகமும் வேண்டாம், நாயின் சிறுநீரகமும் வேண்டாம், யூரியா செய்ய என்னால் முடியும் என்று தன் குரு பெர்சீலியஸுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் ரத்தப் பரிசோதனைத் தாளில் இருக்கிற யூரியாவும் உரக்கடை மூட்டையில் இருக்கிற யூரியாவும் அணுவுக்கு அணு ஒன்றுதான். வோலர் முடித்துவைத்த விவாதத்தை இருநூறு ஆண்டுக்குப் பிறகு நான் வார்டில் நின்று நடத்திக்கொண்டிருக்கிறேன்.

நம் உடம்பே கார்பனால் கட்டியதுதான். தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால், மிச்சம் இருக்கும் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். ஒரு கார்பன் அணு நான்கு கைகளை நீட்டும். தன்னோடு தானே சங்கிலியாகவும் வளையமாகவும் கோத்துக்கொள்ளும். சர்க்கரை, கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எல்லாமே அப்படிக் கோத்தவை. எத்தனை அணு, எந்த வரிசை, என்ன வடிவம் என்பதைப் பொறுத்துத்தான் உடம்பு ஒவ்வொன்றையும் நடத்துகிறது. பிறந்த ஊரை அது விசாரிப்பதில்லை. மதுவில் இருக்கும் எத்தனாலில் கார்பன் இரண்டு, விஷச் சாராயத்தில் கலக்கும் மெத்தனாலில் ஒன்று. அந்த ஒரு கார்பன் வித்தியாசம் என்ன செய்யும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி பார்த்தது. அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

ஆகவே "கெமிக்கல் இல்லாத" உணவு என்று ஒன்று கிடையாது. நெல்லிக்காய் கெமிக்கல், தாய்ப்பால் கெமிக்கல், நானும் கெமிக்கல். இதைச் சொன்னால் உடனே "அப்போ பூச்சிமருந்து நல்லதா?" என்று சண்டைக்கு வருகிறார்கள். நான் பூச்சிமருந்துக்கும் பாக்கெட் ஜூஸுக்கும் வக்காலத்து வாங்கவில்லை. என்ன மூலக்கூறு, எவ்வளவு, எந்த வழியாக, யாருடைய உடம்புக்குள் போகிறது என்று பாருங்கள் என்கிறேன்.

அந்த "எந்த வழியாக" என்பதில்தான் ஜூஸ் ஆசாமிகள் மாட்டிக்கொள்கிறார்கள். அதே பிலிம்பியை ஊறுகாயாகவோ மீன் குழம்பில் இரண்டு மூன்று துண்டாகவோ தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறார்கள், ஒன்றும் ஆவதில்லை. சாப்பாட்டோடு போகும்போது அளவும் சிறிது. குடலில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே தள்ளிவிடும். வெறும் வயிற்றில், வடிகட்டிய சாறாக, டம்ளர் கணக்கில் குடித்தால் பிடித்துவைக்க அங்கே யாரும் இல்லை. நேரே ரத்தத்துக்குப் போய், சிறுநீரகத்தில் கால்சியத்தோடு சேர்ந்து, வெந்நீர் ஹீட்டர் கம்பியில் உப்புப் படிகிற மாதிரி குழாய்களில் படிந்து அடைத்துவிடுகிறது. கேரளத்தில் ஐந்து மருத்துவமனைகளிலிருந்து பத்து நோயாளிகளைப் பற்றி 2013-இலேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். அவர்களில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அங்கே இரும்பன் புளி என்பார்கள். காய் இதே காய்தான், குடித்த காரணமும் இதே கொலஸ்ட்ரால்தான்.

பிலிம்பியின் உறவுக்காரரான நட்சத்திரப் பழம் இன்னும் ஆபத்தானது. அதில் ஆக்சலேட்டோடு கேரம்பாக்சின் என்ற நரம்பு நஞ்சும் உண்டு. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பழுதானவருக்கு ஒரு பழமே போதும். நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையே பறிக்கலாம். டயாலிசிஸ் நோயாளிக்கு விக்கல் என்றால் நாங்கள் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று.

இன்னொரு செடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆடுதின்னாப்பாளை. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, ஆடே வாய் வைக்காது. இந்த இனத்துச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை எடுத்த பல பெண்களுக்குச் சிறுநீரகம் சுருங்கிச் செயலிழந்தது; சீன மூலிகை ஒன்றுக்குப் பதிலாக இந்த இனத்துச் செடி அதில் கலந்துவிட்டிருந்தது. பிறகு அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. இது ஆக்சலேட் மாதிரி அடைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. டிஎன்ஏவிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். படித்த சித்த மருத்துவர்களிடம் எனக்குச் சண்டை எதுவும் இல்லை. மூலிகையைச் சுத்திகரிப்பதும் அளவும் தெரிந்துதான் அவர்கள் மருந்து கொடுக்கிறார்கள். என் கோபமெல்லாம் பெயர் தெரியாத வீடியோக்காரர் மேல்.

சரி, என்ன செய்ய வேண்டும்? பிலிம்பி, நட்சத்திரப் பழம் இரண்டையும் ஜூஸாகக் குடிக்காதீர்கள். கொஞ்சமும் வேண்டாம், ஒரு நாள் மட்டும் என்பதும் வேண்டாம். கிரியாட்டினின் கூடியவர்கள் நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. பாலக், முளைக்கீரை போன்றவற்றைப் பச்சையாக அரைத்து "டீடாக்ஸ்" என்று தினமும் குடிக்கிற பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். அதற்காகக் கீரையையே விட்டுவிடாதீர்கள். நான் சொன்னேன் என்று கீரையை ஒதுக்கிவிட்டதாக ஒருவர் வந்து சொன்னார், தலையில் அடித்துக்கொண்டேன். ஆக்சலேட் மிகுந்த கீரையென்றால் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சோற்றோடும் தயிரோடும் சாப்பிடுங்கள்.

ஏற்கெனவே சிறுநீரகக் கல் வந்தவர்கள் பயந்துபோய்ப் பாலையும் தயிரையும் நிறுத்துவது தலைகீழான வைத்தியம். உணவில் கால்சியம் குறைந்தால் ஆக்சலேட் இன்னும் அதிகமாக உள்ளே போகும். எதிர்ப்புச் சக்திக்கென்று வைட்டமின் சி மாத்திரையைக் கிராம் கணக்கில் விழுங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: மிஞ்சியதில் ஒரு பகுதியை உடம்பு ஆக்சலேட்டாக்கிவிடும். சர்க்கரை நோயாளிகள், எடை குறைக்கக் குடல் பைபாஸ் செய்துகொண்டவர்கள், நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருங்கள். கோடையில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் கிடப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ஏற்கெனவே குடித்துவிட்டீர்களா? வாந்தி, இடுப்பு வலி, சிறுநீர் குறைவு, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வலிக்கிறது என்று மருந்துக்கடையில் டைக்குளோஃபினாக் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். தள்ளாடுகிற சிறுநீரகத்தை அது குழிக்குள் தள்ளிவிடும். சீக்கிரம் வந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் மீண்டுவிடுகிறது. தாமதமானால் அந்த உறுதியைத் தர முடியாது.

கடைசியாக ஒரு கெஞ்சல். என்ன குடித்தீர்கள் என்று கேட்டால் சொல்லிவிடுங்கள். திட்டுவேனோ என்று பயந்து மறைக்கிறார்கள். பயாப்சி ஊசி போட்ட பிறகு மனைவியோ மகளோ வந்து ஜூஸ் கதையைச் சொல்கிறார்கள். கொஞ்சம் திட்டத்தான் செய்வேன், அது இருக்கட்டும். என்ன காய், எத்தனை டம்ளர், எத்தனை நாள் என்று ஒரு சீட்டில் எழுதி, மிச்சம் இருக்கும் ஜூஸையும் பாட்டிலோடு எடுத்து வாருங்கள்.